கோபத்தை விழுங்கியோர்: சிவகாசி வரலாறு தரும் படிப்பினை

சிவகாசி வட்டாரத்தில் ‘மருந்து’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. நோயைத் தீர்ப்பதும் மருந்து. பட்டாசுக் குழலில் அடைக்கப்படும் வெடிகலவையும் மருந்து. மனித உள்ளத்தில் எழும் கோபமும் இத்தகையதே. அளவோடு உரிய இடத்தில் இருந்தால் மானத்தைக் காக்கும். கட்டவிழ்ந்தால் வீட்டையும் ஊரையும் எரித்துவிடும்.

திருக்குர்ஆனின் மூன்றாம் அத்தியாயமாகிய ஆல இம்ரான், இறையச்சமுடையோரின் பண்புகளை 134ஆம் வசனத்தில் அடுக்குகிறது. வளத்திலும் வறுமையிலும் செலவிடுவது, கோபத்தை விழுங்குவது, மனிதர்களை மன்னிப்பது என்பன அவை. நன்மை செய்வோரை அல்லாஹ் நேசிக்கிறான் என்று அவ்வசனம் நிறைவுறுகிறது. கோபத்தை விழுங்குதலைக் குறிக்க அங்கு வந்துள்ள அரபுச் சொல்லின் மூலம் ‘கள்ம்’. நீர் நிரம்பிய தோல்பையின் வாயை இறுகக் கட்டுவதற்கு அரபியர் இச்சொல்லை வழங்கினர். பையைக் கட்டுபவர் நீரை வீணாக்குவதில்லை; தேவைப்படும் இடத்தில் ஊற்றுவதற்காகக் காத்துவைக்கிறார்.

இந்தச் சொற்பொருளின் விளக்கம் போல அமைந்த ஒரு வரலாறு நம் விருதுநகர் மாவட்டத்திலேயே உண்டு. எந்தச் சமூகத்தையும் குறைகூறுவதற்காக அன்றி, அவமானமும் கோபமும் மனிதக் கூட்டத்தை என்ன செய்கின்றன என்பதை அறிவதற்காக அதனை இங்கு நோக்குவோம்.

1899, ஜூன் 6

நாடார் சமூகத்தவருள் பனைத்தொழிலை விட்டு வணிகத்தில் இறங்கியோர், 19ஆம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களில் பேட்டைகள் அமைத்துத் தழைத்தனர். கையில் பொருள் சேர்ந்தது, கல்வியும் வந்தது. ஆயினும் கோயில் வாசல் அவர்களுக்குத் திறக்கவில்லை. உழைப்பில் எவருக்கும் குறையாதவர், பிறப்பைக் காட்டி வாசலில் நிறுத்தப்பட்டால் உள்ளத்தில் எழுவது பசியைவிடக் கொடிய வேதனை.

1895இல் கழுகுமலையில் தேரோடும் வீதி குறித்த பிணக்கு கலவரமாக முற்றியது. அங்குள்ள நாடார் பலர் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சிலர் நுழைந்தனர். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். சிவகாசியில் மக்கள்தொகையில் பெரும்பான்மையினராயிருந்தும் விசுவநாதர் கோயிலுக்குள் செல்ல நாடார்க்கு உரிமை மறுக்கப்பட்டது. இப்பூசல் வளர்ந்து, 1899 ஜூன் 6 அன்று மறவர் முதலிய சமூகத்தார் ஆயிரக்கணக்கில் திரண்டு சிவகாசியைத் தாக்கினர். நாடார்களும் எதிர்த்து நின்று போரிட்டனர். வீடுகள் நூற்றுக்கணக்கில் தீக்கிரையாயின. இரு தரப்பிலும் உயிர்கள் மாண்டன. அடுத்த வாரங்களில் திருநெல்வேலி, மதுரை மாவட்டங்களின் பல ஊர்களுக்கு இத்தீ பரவியது. படை வந்த பின்னரே அடங்கியது. நூற்றுக்கணக்கானோர் தண்டனை பெற்றனர். சிலருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

தாக்க வந்தவர்களின் உள்ளத்தையும் நேர்மையாகக் காண வேண்டும். பாளையங்கள் வீழ்ந்தபின், தலைமுறை தலைமுறையாக ஊர்க்காவலால் பெற்ற மதிப்பும் வருவாயும் மறவர்களிடமிருந்து கழன்றுகொண்டிருந்தன. தமக்குக் கீழ் என்று எண்ணியிருந்தவர் மேலே செல்வதைக் கண்டபோது அவர்களைப் பற்றியது இழப்பின் அச்சம். அச்சம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வெளியே வருவதில்லை. பெரும்பாலும் கோபத்தின் உடையிலேயே வருகிறது. குடும்பச் சண்டைகளிலும் இதனை நாம் அன்றாடம் காண்கிறோம்.

அடங்கிய கோபமும் உறைந்த குரோதமும்

கலவரத்துக்குப் பின்னும் நாடார்களுக்கு நீதி கிட்டவில்லை. கமுதி வழக்கில் கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதனையே உறுதி செய்தது. வீடு எரிந்தவர்களுக்கு இப்போது சட்டத்தின் வாசலும் அடைபட்டது. இத்தகைய நிலையில் உள்ளத்துக்கு என்ன நேரும்?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (1058–1111) தமது ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் கோபம், குரோதம், பொறாமை ஆகிய மூன்றையும் ஒரே பகுதியில் வைத்து ஆராய்கிறார். பழிதீர்க்க இயலாமையால் அடக்கப்பட்ட கோபம் உள்நோக்கித் திரும்பி உறைந்து ‘ஹிக்து’ என்னும் குரோதமாகிறது. குரோதம் பொறாமையைப் பிறப்பிக்கிறது என்பது அவர் கண்ட தொடர்ச்சி. கோபமே இல்லாமையையும் அவர் புகழவில்லை. மானத்துக்கும் மார்க்கத்துக்கும் இழுக்கு நேர்ந்தும் அசையாத உள்ளத்தை அவர் குறையுள்ளதாகவே கருதுகிறார். அறிவின் கடிவாளத்துக்குள் நிற்கும் கோபமே நடுநிலை.

அவருக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் முன்னர் வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கி (மறைவு 934) உடல்நலத்தையும் உள்ளநலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதியவர். ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் அந்நூலில் கோபம், அச்சம், துயரம், அலைக்கழிக்கும் எண்ணங்கள் ஆகியவற்றை உள்ளத்தின் நோய்களாகத் தனித்தனியே விளக்குகிறார். திடீர் நோய்க்கென வீட்டில் மருந்தைச் சேமித்துவைப்பது போல, உள்ளம் அமைதியாக இருக்கும் வேளையிலேயே நல்ல எண்ணங்களைச் சேமித்துவைக்க வேண்டும் என்பது அவரது அறிவுரை. கோபம் தலைக்கேறிய பின் மருந்து தேடினால் கிடைக்காது.

பட்டாசுத் தொழிலாளர் இதனைச் சொல்லாமலே அறிவர். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருந்து வேலை செய்யலாகாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். வெயில் ஏறுமுன் மருந்துக் கலவையை முடிக்க வேண்டும். இந்த ஒழுங்குகள் யாவும் விபத்துக்கு முன் செய்யும் ஏற்பாடுகள். தீப்பற்றிய பின் செய்யக்கூடியது மிகக் குறைவு.

கட்டிய பை ஊற்றப்பட்ட இடம்

விருதுநகர், சிவகாசி நாடார்களிடம் அத்தகைய சேமிப்பு ஒன்று முன்பே இருந்தது. அதன் பெயர் உறவின்முறை. குடும்பத் தலைவர்கள் கூடிப் பொதுக் காரியங்களை முடிவு செய்யும் அவை அது. வணிகத்தில் கைமாறும் சரக்குக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரும் செலுத்தும் சிறுதொகை ‘மகமை’ எனப்பட்டது. அம்மகமையிலிருந்து கிணறும் சத்திரமும் பள்ளியும் எழுந்தன. விருதுபட்டியில் 1889இல் க்ஷத்திரிய வித்தியாசாலை தொடங்கப்பட்டது. வீட்டில் உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, அந்தப் பிடி அரிசியால் பள்ளியை வளர்த்த செய்தி இன்றும் அவ்வூர் மக்களால் பெருமையுடன் சொல்லப்படுகிறது. பிற சமூகத்துப் பிள்ளைகளும் அங்குக் கற்றனர்.

கலவரம் நடந்தபோது அப்பள்ளிக்குப் பத்து வயது. ஆகவே அவமானமே அனைத்தையும் உருவாக்கியது என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. கோபம் வந்தபோது அதனை ஏந்திக்கொள்ள ஒரு பாத்திரம் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது என்பதே உண்மை. 1910இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி நிறுவப்பட்டது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுவே. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றனர்; மறு ஆண்டு திரும்பி வந்து தம் ஊரில் அத்தொழிலைத் தொடங்கினர். தீயில் எரிந்த ஊர், கால் நூற்றாண்டுக்குள் தீக்குச்சி செய்து பிழைக்கும் ஊராயிற்று. அச்சுத்தொழிலும் பட்டாசும் அதைத் தொடர்ந்தன.

க்ஷத்திரிய வித்தியாசாலையில் பயின்ற சிறுவன் காமராசர், 1954இல் மாநிலத்தின் முதலமைச்சரானார். அவர் திறந்த பள்ளிகளும் அளித்த மதிய உணவும் எல்லாச் சாதி, சமயப் பிள்ளைகளுக்கும் உரியனவாயின. பிரிவி கவுன்சில் அடைத்த கோயில் வாசலும் 1939இல் மதுரையில் திறந்தது. வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தோருள் ஆதிதிராவிடர் ஐவருடன் நாடார் ஒருவரும் இருந்தார்.

ஆல இம்ரான் வசனத்தின் வரிசையை இங்கு நினைவுகூர்க. கோபத்தை விழுங்குவதற்கு முன்பே செலவிடுதல் கூறப்பட்டுள்ளது. வறுமையிலும் கொடுத்துப் பழகிய கைக்கு, கோபத்திலும் நிதானிக்கும் வலிமை எளிதில் வாய்க்கிறது. பிடி அரிசி எடுத்துவைத்த அத்தாய்மார் பள்ளியை மட்டும் வளர்க்கவில்லை. பொறுத்திருந்து பலன் காணும் பயிற்சியையும் தம் பிள்ளைகளுக்கு ஊட்டினர்.

எஞ்சிய இரு படிகள்

விழுங்குதலுக்கு அடுத்த படி மன்னிப்பு. இவ்வசனம் உஹதுப் போரைக் குறித்த வசனங்களின் நடுவே இடம்பெற்றிருப்பது சிந்தனைக்குரியது. அப்போரில் நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) கொல்லப்பட்டார். பின்னாளில் அவரைக் கொன்ற வஹ்ஷி இஸ்லாத்தை ஏற்று வந்தபோது நபியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆயினும் தம் கண்முன் வராதிருக்க முடியுமா என்றும் கேட்டார்கள். மன்னிப்பு வேறு, மறதி வேறு. மன்னித்த பின்னும் வலி இருக்கலாம். அவ்வலி பழிவாங்கலாக மாறாதிருப்பதே மன்னிப்பு. பகைத்து நின்ற சமூகங்கள் இன்று ஒரே சந்தையிலும் ஒரே ஆலையிலும் வாழ்வது இத்தகைய, ஆரவாரமற்ற மன்னிப்பினால்தான்.

இறுதிப் படியாகிய ‘இஹ்ஸான்’ இன்னும் கடினமானது. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளில் ஏழைச் சிறார்கள் வேலை செய்தது நாடறிந்த துயரம். 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் இது தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்து, சட்டத்துக்கு மாறாகப் பணியில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் மறுவாழ்வு நிதியாகச் செலுத்த வேண்டும் என்றது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிடி அரிசியால் தம் பிள்ளைகளைப் படிக்கவைத்த மண்ணிலேயே வேறு ஏழைகளின் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லாமல் குச்சி அடுக்கினர்.

இது ஒரு சமூகத்துக்கு மட்டும் உரிய குறை அன்று. மனித மனத்தின் பொதுக்குறை. பட்ட காயத்தை நாம் நெடுங்காலம் நினைவில் வைக்கிறோம். அதே காயம் நம் கையால் பிறருக்கு நேரும்போது காணத் தவறுகிறோம். அள்ளுஹா அத்தியாயம் நபியவர்களுக்கு அவர்களின் அநாதைப் பருவத்தையும் வறுமையையும் நினைவூட்டிய பின்னரே, அநாதையைக் கடிந்துகொள்ளாதீர், கேட்டு வருபவரை விரட்டாதீர் என்னும் கருத்தைக் கட்டளையாக்குகிறது. பழைய வலியை நினைப்பதன் பயன் இரக்கமே என்பதை அவ்வரிசை உணர்த்துகிறது.

நமக்குரியது

அவமதிப்பும் ஐயப்பார்வையும் இன்று நம் இளைஞர்கள் பலர் நாள்தோறும் சந்திப்பவை. கைப்பேசியில் வரும் ஒரு செய்தி போதும், குருதி கொதிக்கிறது. கொதிப்பது பாவமன்று, கொதித்ததை எங்கே ஊற்றுகிறோம் என்பதே கேள்வி. கோபம் வந்தால் நிற்பவர் அமரட்டும், அமர்ந்தும் தணியாவிடில் படுத்துக்கொள்ளட்டும் என்று நபியவர்கள் கற்பித்தது, சொல்லுக்கும் செயலுக்கும் இடையே சிறிது நேரத்தைச் சம்பாதித்துக்கொள்ளும் வழியாகும். தனிமனிதருக்கு அமர்தல் எதுவோ, சமூகத்துக்குப் பைத்துல்மாலும் பள்ளியும் நூலகமும் அதுவே.

ஒவ்வொரு மஹல்லாவும் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும்: அமைதியான இந்நாளில் நாம் சேமித்துவைத்திருப்பது என்ன? நம் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்வோரின் பிள்ளைகள் படிக்கிறார்களா? பிடி அரிசி எடுத்துவைக்க இன்றைய அடுப்பே போதும்.

கோபத்தைக் கட்டவும், கட்டியதை நன்மையின் நிலத்தில் ஊற்றவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.