தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர் இடப்பெயர்வும் பால்வினை நோய்ப் பரவலும்

தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பகுதியில் 1886இல் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தோண்டியெடுக்க லெசோத்தோ, மொசாம்பிக், மலாவி, சுவாசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்தும், தென்னாப்பிரிக்காவின் கிராமப்புறங்களிலிருந்தும் கறுப்பின ஆண்கள் ஒப்பந்த அடிப்படையில் திரட்டப்பட்டார்கள். மனைவி, பிள்ளைகளை உடன் அழைத்துவர அனுமதி இல்லை. மாதக்கணக்கில் ஆண்கள் விடுதியில் தங்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால்தான் ஊர் திரும்பலாம். சிமென்ட்டில் கட்டிய அடுக்குப் படுக்கைகள், ஓர் அறைக்குள் பலர் என்பதே அங்கு வாழ்க்கை. பிழைக்க வழியில்லாத பெண்கள் விடுதிகளை அண்டிய குடியிருப்புகளில் மது விற்றார்கள். சிலர் பாலியல் தொழிலில் தள்ளப்பட்டார்கள்.

இந்த ஏற்பாடு நோயை எப்படி வளர்த்தது என்பதை நேட்டால் மாகாணத்தின் போலேலா கிராமப்பகுதியில் பணியாற்றிய மருத்துவர் சிட்னி கார்க் 1949இலேயே எழுதினார். சிபிலிஸ் என்ற பால்வினை நோய் பரவக் காரணம் தனிமனித ஒழுக்கக் கேடு அல்ல, குடும்பங்களைப் பிரித்துவைக்கும் உழைப்பு முறையே என்பது அவர் வாதம். ஊசிமருந்து மட்டும் போதாது, குடும்பங்கள் சேர்ந்து வாழ வழி வேண்டும் என்றார். அவர் பேச்சு எடுபடவில்லை.

எச்ஐவி வந்தபோது அதே பாதையில் பரவியது.

1980களின் பிற்பகுதியில் மலாவித் தொழிலாளர்களிடம் கிருமி கண்டறியப்பட்டதும் அங்கிருந்து ஆளெடுப்பது நிறுத்தப்பட்டது. சிகிச்சையும் விடுதிச் சீர்திருத்தமும் வந்திருக்க வேண்டிய இடத்தில் வெளியேற்றம் வந்தது. வந்தவர்தான் நோயைக் கொண்டுவருகிறார் என்ற எண்ணம் இன்றும் பல நாடுகளில் நிலவுகிறது. ஆனால், ஆய்வாளர் மார்க் லூரி குழுவினர் இடம்பெயர் தொழிலாளர் குடும்பங்கள் குறித்து 2003இல் வெளியிட்ட ஆய்வு வேறு உண்மையைக் காட்டியது. தம்பதியரில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த இணைகளில், ஏறத்தாழ 10இல் 3 இணைகளில் தொற்று மனைவிக்கே இருந்தது. பிரிவு இருபக்கமும் ஆபத்தை உண்டாக்கியது.

கார்ல்ட்டன்வில் நகரின் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசிய உளவியலாளர் கேத்தரின் கேம்பெல் இன்னொன்றையும் கவனித்தார். பாறை சரிந்து இன்றே சாகலாம் என்ற நிலையில் இருப்பவருக்குப் பல ஆண்டுகள் கழித்துக் கொல்லும் கிருமி பெரிதாகத் தெரிவதில்லை. ஆணுறை பற்றிய அறிவுரை அவர்களிடம் எடுபடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சுரங்கத்தின் சிலிக்கா தூசு நுரையீரலை அரிக்க, எச்ஐவி எதிர்ப்பாற்றலைக் குறைக்க, காசநோயும் பெருகியது. ஊர் திரும்பியவர்களால் அது எல்லை தாண்டியது. ஒரு நாட்டில் தொடங்கிய சிகிச்சை மறுநாட்டில் அறுந்துபோனது. இதைச் சரிசெய்யத் தெற்கு ஆப்பிரிக்க வளர்ச்சிச் சமூக நாடுகள் 2012இல் சுரங்கத் துறைக் காசநோய் குறித்துக் கூட்டுப் பிரகடனம் வெளியிட்டன. தொழிலாளர் எந்த நாட்டில் இருந்தாலும் சிகிச்சை தொடர வேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று.