காப்பித் துரைமார் சங்கமும் கரிசல்காட்டுக் கூலியும்

எங்கள் கோவில்பட்டியில் தீப்பெட்டி முதலாளிகளுக்கும் சங்கம் உண்டு, ஆலைத் தொழிலாளிகளுக்கும் சங்கம் உண்டு. இரண்டுக்கும் ஒரே பெயர்தான். நான் பாண்டிச்சேரியில் படித்த பிரெஞ்சிலும் 'சேந்திகா' என்ற ஒரே சொல் இரண்டு தரப்புக்கும் பொருந்தும். ஆனால் இரண்டு சங்கமும் ஒரே நாளில் பிறப்பதில்லை. இலங்கைக் காப்பித் தோட்டங்களின் கதையைப் பாருங்கள்.

1854 பிப்ரவரியில் கண்டியில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். இலங்கைத் தோட்டத் துரைமார் சங்கம். அன்று தோட்டம் என்றால் காப்பித் தோட்டம்தான். தேயிலை பின்னால் வந்தது. தனித்தனியாகக் கவர்னருக்கு மனு எழுதிப் பயனில்லை என்று கண்டுகொண்ட மனிதர்கள். அவர்கள் கேட்டவை சாலை, ரயில், கூலியாட்கள். மாட்டு வண்டியில் மலையிலிருந்து கொழும்புக்குக் காப்பி மூட்டை இறங்குவதற்குள் கூலியும் காலமும் கரைந்துபோகும். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது.

மூன்றாவது கோரிக்கைதான் நம்மைச் சேர்ந்தது. கூலியாட்கள் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், திருச்சி ஜில்லாக்களின் மானாவாரிப் பூமியிலிருந்து போனார்கள். மழை பொய்த்தால் கரிசல் வெடித்துக் கிடக்கும். ஊருக்குள் கங்காணி வந்து முன்பணம் கொடுப்பான். ராமேசுவரம் பக்கம் தோணி ஏறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடை. காலராவில் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. அதே சமயம் தாது வருஷப் பஞ்சமும் வந்தது. அந்த ரயில் நம் கோவில்பட்டி வழியாகத்தான் போயிற்று.

சங்கத்தின் ஆண்டு அறிக்கைகளில் இந்த ஜனங்கள் 'லேபர் சப்ளை' என்ற தலைப்பில் வருகிறார்கள். காப்பிக் கொட்டையின் விலைக்கும் உரத்தின் விலைக்கும் பக்கத்திலேயே. கோப்பு எழுதியே காலம் தள்ளிய எனக்கு அந்த நடை புதிதல்ல, இருந்தாலும் உறுத்துகிறது.

பிறகு காப்பியே போயிற்று. 1869இல் மடுல்சீமைப் பக்கம் இலையின் அடியில் துருப் போல ஒரு பொடி கண்டார்கள். ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சை. 1880இல் மார்ஷல் வார்டு என்ற இளம் விஞ்ஞானி வந்து இரண்டு வருஷம் ஆராய்ந்தார். நோயின் போக்கைக் கண்டுபிடித்தார், மருந்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பத்து வருஷத்துக்குள் காப்பித் தொழில் படுத்துவிட்டது. சங்கம் படுக்கவில்லை. அதன் பெயரில் 'காப்பி' என்ற சொல்லே கிடையாது பாருங்கள்! தேயிலைக்கு மாறிக்கொண்டு அதே பெயரோடு நடந்தது. பறிப்புக் காலத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஜனம், தேயிலை வருஷம் முழுவதும் ஆள் கேட்டதால், லயத்திலேயே தங்கிவிட்டது.

1904இல் ஆள் சேர்ப்பதற்கென்றே திருச்சியில் லேபர் கமிஷன் அலுவலகம் திறந்தார்கள். ஆனால் இந்தச் சங்கத்துக்கு அடங்காத ஒன்று இருந்தது: துண்டு. ஒரு கூலி இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், "இன்ன தொகை பாக்கி, கட்டினால் விடுகிறேன்" என்று துரை ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். புதிய துரை அதைக் கட்டுவார்; கடன் அந்தத் தோட்டத்துக் கணக்கில் ஏறும். ஆள் கை மாறினானே தவிர கடன் அடையவில்லை. முன்பணத்துக்கு வரம்பு வைக்கச் சங்கத்தில் பேசிப் பார்த்தார்கள். கூட்டத்தில் கை தூக்கிய துரையே, தோட்டத்துக்குத் திரும்பியதும் ஆளுக்காக அதிகம் கொடுப்பார். கடைசியில் 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டை ஒழிக்க முடிந்தது.

தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் தொடங்கியது 1931இல். துரைமார் சங்கத்துக்கு அப்போது வயது எழுபத்தேழு.