புளியந்தீவுக்கு வந்த வெளிநாட்டு நிதியும் தமிழ் – முஸ்லிம் உறவும்

1814ஆம் ஆண்டு வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி மட்டக்களப்புக்கு வந்தபோது அவருக்குப் பின்னால் இரண்டு ஆதரவுகள் இருந்தன. ஒன்று இங்கிலாந்தின் வெஸ்லியன் சபை. மற்றது பிரவுண்றிக் ஆளுநரின் அரசு; ஆங்கிலப் பாடசாலை நடத்தும் மிஷனரிமாருக்கு மாதப்படி தர அது முன்வந்திருந்தது. ஓல்ட் 1815 ஏப்ரலில் இறந்துபோனார். அவர் தொடக்கிய பாடசாலை, மெதடிஸ்த மத்திய கல்லூரி என்ற பெயரில் மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் இன்றும் நடக்கிறது. அரசின் பணம் அரசு சாராத ஓர் அமைப்பின் வழியாக இந்த வாவிக்கரை மக்களிடம் வந்து சேர்ந்த பழைய உதாரணங்களில் அது ஒன்று.

ஒரு நாட்டின் அரசு இன்னொரு நாட்டின் அரசைத் தாண்டி அதன் மக்களோடு நேரடியாக உறவு வைப்பதைப் பொதுசன இராஜதந்திரம் என்கிறோம். இன்றைய பொருளில் அந்தப் பெயரை 1965இல் அமெரிக்க இராஜதந்திரி எட்மண்ட் கலியன் வழக்குக்குக் கொண்டுவந்தார். தூதரகங்கள் உள்ளூர்த் தொண்டர் அமைப்புகளுக்கு வழங்கும் சிறு மானியங்கள் இதன் கருவிகளில் ஒன்று. இப்படிப்பட்ட நிதியும் அதற்கு நெருக்கமான பிற வெளிநாட்டு நிதிகளும் மட்டக்களப்பில் சமூகங்களுக்கிடையே உறவு வளர்த்தனவா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். இங்கே தமிழர் – முஸ்லிம் உறவை வெளிநாட்டுப் பணம் உண்டாக்கவில்லை. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி அடுத்தடுத்து இருக்கின்றன. மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே விரிவாக எழுதியிருப்பதைப் போல, தாய்வழிக் குடிமுறை இரு சமூகத்துக்கும் பொது. கோயிலில் குடிகளின் சார்பில் வண்ணக்கர் இருப்பதைப் போல, பள்ளிவாசலில் மரைக்காயர் இருந்தார். ‘புட்டும் தேங்காய்ப்பூவும் போல’ என்று பெரியவர்கள் சொன்னது வெறும் மேடைப்பேச்சு அல்ல.

1985இல் விரிசல் கண்ட அந்த உறவு 1990இல் உடைந்தது. ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் கொன்றார்கள். அதே மாதம் 12ஆம் திகதி ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். செப்டம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்து மக்கள் படையினரால் கொல்லப்பட்டார்கள். மட்டக்களப்பில் பல ஆண்டுகள் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைத் துறவி இயூஜின் ஹேபர்ட், ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமல் போனார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இயேசு சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து வந்த துறவிகளின் வரிசையில் அவரும் ஒருவர். அதே வரிசையில் வந்த வெபர் அடிகளாரின் பெயரை நகரின் விளையாட்டரங்கு தாங்கி நிற்கிறது. 1948இல் வந்த பென் மில்லர் அடிகளார், காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்காக அலைந்து, 2019 ஜனவரி முதலாம் நாள் இந்த மண்ணிலேயே காலமானார். அவர்கள் எந்தத் தூதரகத்தின் திட்டத்திலும் வந்தவர்கள் அல்லர். ஆனாலும் மட்டக்களப்பார் மனத்தில் அமெரிக்கா குறித்து நல்லெண்ணம் ஏதும் இருந்தால், அதில் பெரும்பங்கு அவர்கள் தேடித்தந்தது என்பது என் கணிப்பு.

உடைந்த உறவை மீண்டும் தொட்டுப் பார்த்த முயற்சிகளில் அதிகம் ஆராயத்தக்கது வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா. 1990களின் முற்பகுதியில் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழுவொன்று போர் சிறுவர்களை எப்படிப் பாதிக்கிறது என்று இங்கே ஆராய்ந்தது. அந்த ஆய்வின் தொடர்ச்சியாக, ரொறொன்ரோவில் மருத்துவமனைச் சிறுவர்களுக்காகச் ‘சுருள் பூங்கா’ நடத்திய ஓவியர் போல் ஹோகனும், உளவளத்துணையில் தேர்ந்த இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் 1996இல் பூங்காவைத் திறந்தார்கள். வெளிநாட்டு நிதி அதற்குக் கைகொடுத்தது.

பூங்காவின் நடைமுறையைக் கிட்டநின்று பார்க்க வேண்டும். தமிழ்க் கிராமத்திலிருந்தும் முஸ்லிம் கிராமத்திலிருந்தும் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி வருவார்கள். ஒரே தொகுதிப் பிள்ளைகள் வாரத்துக்கு ஒருநாள் வீதம் ஏறத்தாழ ஒன்பது மாதம் வருவார்கள். களிமண் பிசைவது, சித்திரம் தீட்டுவது, கதை கட்டுவது, கட்டிய கதையை நடித்துக் காட்டுவது என்று நாள் கழியும். நடத்துபவர்கள் இதே மாவட்டத்து இளைஞர்கள்; அவர்களே போரில் அடிபட்டவர்கள். ‘நல்லிணக்கம்’ என்று அங்கே யாரும் பாடம் எடுக்கவில்லை. பக்கத்திலிருக்கும் பிள்ளையிடம் வர்ணம் கேட்டு வாங்கவேண்டியிருந்தது, அவ்வளவுதான். முகாமும் சோதனைச்சாவடியுமாக இருந்த ஊரில், காத்தான்குடிப் பிள்ளையும் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பிள்ளையும் ஒரே மரத்தடியில் மாதக்கணக்காகச் சந்திக்க வேறு இடம் அரிதாக இருந்தது. போரால் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக 1991இல் கொழும்பில் தொடங்கி 1993இல் மட்டக்களப்புக்கு இடம்மாறிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையமும் இவ்வாறே ஊரோடு தங்கி, இரு சமூகப் பெண்களோடும் வேலை செய்தது.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு நிலைமை மாறியது. கல்லடியிலும் நாவலடியிலும் கடல் புகுந்த சில வாரங்களுக்குள் தொண்டர் நிறுவனங்களின் வாகனங்கள் வீதியை நிறைத்தன. நிதி ஏராளம்; செலவழிக்கும் தவணை குறுகியது. செயலமர்வு, ஒன்றுகூடல், வரவுப் பதிவு, புகைப்படம், அறிக்கை. தமிழ், முஸ்லிம் பெயர்கள் பட்டியலில் சரிபாதி இருந்தால் ‘இணைப்பு’ நிறைவேறியதாக எழுதப்பட்டது. எந்தக் கிராமத்துக்கு எவ்வளவு வீடு, எத்தனை தோணி என்ற பட்டியல்கள் புதிய மனக்கசப்பையும் விதைத்தன. உறவுக்காக வந்த பணம் போட்டிக்குக் காரணமாவதை நிதி வழங்குநர்கள் முன்கூட்டியே சிந்தித்திருக்க வேண்டும்.

அரசின் கண்காணிப்பும் கூடவே வளர்ந்தது. 1980இன் 31ஆம் இலக்கச் சட்டம் தொண்டர் அமைப்புகளின் பதிவை ஏற்கெனவே கட்டாயமாக்கியிருந்தது. 2014 யூலையில் பாதுகாப்பு அமைச்சின் சுற்றறிக்கை, தொண்டர் நிறுவனங்கள் ஊடகச் சந்திப்பும் ஊடகவியலாளருக்கான பயிற்சியும் நடத்தக்கூடாது என்றது. புளியந்தீவின் ஒல்லாந்தர் கோட்டைக்குள் நெடுங்காலம் இயங்கிய மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு அனுமதி தேடி ஓடுவதும் வெளிநாட்டுக்கு அறிக்கை எழுதுவதுமாகச் சிறிய அமைப்புகளின் நேரம் கரைந்தது.

தூதரக மானியத்தில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. அமெரிக்கப் பொதுசன இராஜதந்திர மானிய அறிவிப்புகள், திட்டத்தில் அமெரிக்கப் பண்பாட்டு அம்சமோ அமெரிக்க நிபுணர் அல்லது நிறுவனத்தின் தொடர்போ இருக்கவேண்டும் என்று வழமையாகக் கேட்கின்றன. கொடுக்கும் நாட்டின் பார்வையில் அது நியாயம், ஒளிவுமறைவும் இல்லை. ஆனால் ஏறாவூருக்கும் அயல் தமிழ்க் கிராமத்துக்கும் இடையே தீராத காணிப் பிரச்சினையை அத்தகைய மானியம் தொடாது. 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் சிறுவர்களும் பலியானபோது, ஊரைத் தாங்கக்கூடியவையாக இருந்தவை பத்திருபது ஆண்டுப் பழக்கங்கள். முந்திய ஆண்டின் செயலமர்வுகள் அல்ல.

2025 ஜனவரி 20இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. யூலை முதலாம் திகதி அந்த உதவியை வழங்கிவந்த யூஎஸ்எய்ட் நிறுவனத்தின் தனி இயக்கமே முடிந்தது. ஒரு தலைநகரில் இடப்பட்ட கையொப்பம் உலகெங்கும் கிராமத்துப் பணியாளரின் சம்பளத்தை நிறுத்தியது. ஆகவே இனி மானியம் தருபவர்கள் ஏற்கெனவே ஊரில் வேரூன்றிய அமைப்புகளுக்கு, குறைந்தது ஐந்தாண்டுக்கு, ஊழியர் சம்பளத்துக்கும் பஸ் செலவுக்கும் சேர்த்துத் தர வேண்டும். முடிந்த திட்டங்களின் அறிக்கைகளையும் வரவுப் புத்தகங்களையும் அலுமாரியில் வைத்திருப்போர் அவற்றைக் கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்திடம் ஒப்படைக்க வேண்டும். கறையானுக்கு முன் அவை ஆய்வாளரின் கைக்கு வரட்டும்.