27 அங்குலச் சீட்டில் இரண்டாவது பெயர்

2024 செப்டெம்பர் 21 அன்று திருகோணமலை மாவட்ட வாக்காளரின் கைக்கு வந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டு 27 அங்குல நீளம். சரியாக ஒன்றரை முழம். மூன்று மொழிகளில் 39 பெயர்கள், எதிரே 39 சின்னங்கள், அதற்கப்பால் 39 வெற்றுக் கட்டங்கள். அந்த 39 பேரில் ஒருவரான ஐதுரூஸ் முகம்மது இல்யாஸ் வேட்புமனு ஏற்கப்பட்ட பின்னர் ஓகஸ்டில் காலமாகிவிட்டார். அவருடைய பெயரும் சீட்டில் இருந்தது. 1982 இல் நடந்த முதல் ஜனாதிபதித் தேர்தலுக்கு ஆறு பெயர்கள் போதுமாக இருந்தன. 1988 இல் மூன்றே மூன்று. 2019 இல் 35.

எத்தனை பெயர் வந்தாலும் ஒவ்வொரு பெயரும் தனித்தே நிற்கும். அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கே ஜனாதிபதி வேட்பாளர் தனக்கு ஒரு துணை வேட்பாளரைத் தேடி எடுக்கிறார், இரண்டு பெயரும் ஒரே வரியில் அச்சாகின்றன, வாக்காளர் இருவரையும் சேர்த்துத்தான் ஏற்கலாம் அல்லது விடலாம். 2020 இல் ஜோ பைடன் கமலா ஹாரிஸைத் தெரிவுசெய்தபோது அவருடைய தாய்வழிப் பூர்வீக ஊரான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் கொண்டாடியதை நாமும் பார்த்தோம். 2024 ஓகஸ்ட் 6 அன்று அதே ஹாரிஸ் தனக்கு ரிம் வால்ஸைத் துணையாக அறிவித்தார். அதற்கு இரண்டு நாள் கழித்து, ஓகஸ்ட் 8 அன்று, யாழ்ப்பாணத்தில் பா. அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராக அறிவிக்கப்பட்டார். அவருக்குத் துணை என்று யாரும் இல்லை. எங்கள் அரசியலமைப்பில் உபஜனாதிபதி என்ற பதவியே கிடையாது.

ஆனால் துணையைத் தெரிவுசெய்யும் வேலை எங்கள் சீட்டிலும் இருக்கிறது. அதை வேட்பாளர் செய்வதில்லை, வாக்காளர் செய்யலாம். 1 என்று ஒருவருக்குப் போட்ட பிறகு இன்னொருவருக்கு 2, வேறொருவருக்கு 3 என்று போட 1981 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஜனாதிபதித் தேர்தல்கள் சட்டம் இடம் தருகிறது. அந்த இரண்டாவது இலக்கத்துக்காகத்தான் இந்தச் சீட்டு போய்வந்த வழியை எழுதுகிறேன்.

சீட்டு பிறந்தது கொழும்பு பொரளையில், அரச அச்சகத்தில். ஒரு கோடியே 71 லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுபெற்ற வாக்காளருக்கு ஒன்றரை முழச் சீட்டு அச்சாக வேண்டும். அங்கிருந்து பொலிஸ் காவலோடு மாவட்டங்களுக்குப் போகிறது. திருகோணமலைக்கு வந்தால் கச்சேரி. மாவட்டச் செயலகம் என்று எவ்வளவு பலகை எழுதினாலும் ஊரில் அது கச்சேரிதான். அரசாங்க அதிபரே மாவட்டத்தின் தெரிவத்தாட்சி அலுவலர். தேர்தலுக்கு முதல் நாள் சீட்டுக் கட்டுகளும் பெட்டிகளும் அங்கிருந்து பிரிந்து போகும். வடக்கே குச்சவெளி, தெற்கே கடலோரமாய் வெருகல், மேற்கே மொறவெவ, பதவிசிறிபுர. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படும்வரை துறையில் பாதைப் படகுக்காகக் காத்து நின்றுதான் வாகனங்கள் நீரைக் கடந்தன. கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கத்து மூதூருக்கு லோஞ்சில் போனவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 396 மீற்றர் பாலம் வந்தபின் கிண்ணியாத் துறையைக் கடப்பது ஒரு சில நிமிட ஓட்டம்.

சேருவில, திருகோணமலை, மூதூர் என்று மூன்று தேர்தல் தொகுதிகள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற மூன்று சமூகங்களில் எதுவும் சனத்தொகையில் பாதியைத் தொடாத மாவட்டம் இது. இந்தச் சீட்டின் இரண்டாம் இலக்கம் இங்கேதான் அதிகம் பயன்பட வேண்டும் என்று நான் நம்புவதற்குக் காரணம் இதுவே. தன் சமூகத்து வேட்பாளருக்கு 1 போட்டுவிட்டு, பக்கத்துச் சமூகத்தோடு சேர்ந்து வாழ யார் பொருத்தம் என்று யோசித்து 2 போடலாம். அந்த யோசனைக்கு ஏற்ற சீட்டு 1982 முதல் கையில் இருக்கிறது.

2024 இல் அந்த யோசனைக்கு நேரம் கனிந்தும் இருந்தது. திருகோணமலையின் நெடுங்கால நாடாளுமன்ற உறுப்பினர் இரா. சம்பந்தன் ஜூன் 30 அன்று தன் 91 ஆவது வயதில் காலமானார். ஊர் திரண்டு அவரை வழியனுப்பிய சில வாரங்களிலேயே அவர் தலைமைதாங்கிய தமிழரசுக் கட்சிக்குள் பிளவு. செப்டெம்பர் 1 அன்று வவுனியாவில் கூடிய மத்திய குழு சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதென்று முடிவெடுத்தது. பொது வேட்பாளரான அரியநேத்திரனும் அதே கட்சிக்காரர், மட்டக்களப்பின் முன்னாள் எம்.பி. ஒரே வீட்டுக்குள் ஒருவர் அரியநேத்திரனின் சங்குச் சின்னத்துக்கு, ஒருவர் சஜித்தின் தொலைபேசிச் சின்னத்துக்கு. தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி தேர்தலையே புறக்கணிக்கச் சொன்னது. இரண்டாம் விருப்பை யாருக்குப் போடுவது, போடத்தான் வேண்டுமா என்று பத்திரிகைகளில் விவாதம் நடந்தது. ஆனால் 1 இதற்கு, 2 இதற்கு என்ற தெளிவான சொல் எந்தப் பெரிய மேடையிலிருந்தும் வரவில்லை. துணையைத் தெரிவுசெய்ய வேண்டிய இடத்தில் கட்சிகள் பின்வாங்கின. அதை நான் அப்போதும் பிழை என்றேன், இப்போதும் பிழை என்கிறேன்.

தேர்தலுக்கு முந்திய வாரம் சாம்பல்தீவில் என் மாமி மாதிரி வாக்குச்சீட்டை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, ஒண்டு சங்குக்கு. ரெண்டு போட்டா சீட்டு பழுதாப் போகாதே?"

"பழுதாகாது மாமி. இலக்கமாப் போடுங்கோ. புள்ளடியையும் இலக்கத்தையும் கலக்காதேங்கோ."

"அப்ப ரெண்டு ஆருக்கு?"

அது அவருடைய தீர்மானம், நான் சொல்லவில்லை. வாக்களித்துவிட்டு வந்தவர், நீளமான சீட்டை அட்டைத் தடுப்புக்குள் விரித்தபோது அதன் நுனி வெளியே தொங்கியதென்றும், பிறகு மடித்து மடித்துப் பெட்டியின் வாய்க்குள் இறக்கச் சிரமமாக இருந்ததென்றும் சொன்னார். கடைசியில் மெதுவாக, "பயத்தில ஒண்டை மட்டும் போட்டிட்டன்" என்றார். அந்தப் பயம் அவருக்கு மட்டும் உரியதல்ல. பொதுத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு மூன்று விருப்பு இலக்கங்களுக்கு மூன்று புள்ளடி. அங்கே முதல், இரண்டு என்ற வரிசையே இல்லை. ஜனாதிபதித் தேர்தலில் மட்டும் வரிசை வேண்டும். ஒரே மக்களிடம் இரண்டு முறையையும் கொடுத்து, இரண்டையும் விளக்காமல் விட்டால் யாருக்கும் கை நடுங்கும். நாடு முழுவதும் அன்று நிராகரிக்கப்பட்ட சீட்டுகள் 300,300.

மாலை நான்கு மணிக்கு வாக்களிப்பு முடிந்தது. பெட்டிகளுக்கு முத்திரை வைத்து வாகனங்கள் வாக்கெண்ணும் நிலையத்துக்குத் திரும்பின. அன்றிரவு பத்து மணியிலிருந்து நாடெங்கும் ஊரடங்கு. மண்டபத்துக்குள் பெட்டிகள் திறக்கப்பட்டு, முதல் விருப்பின்படி சீட்டுகள் பிரிந்தன. திருகோணமலை மாவட்டத்தில் தொலைபேசிக் கட்டு மற்ற எல்லாவற்றையும்விட உயரமாக வளர்ந்தது. நாடளவில் முன்னுக்கு நின்றது திசைகாட்டி: அநுர குமார திசாநாயக்க 5,634,915 வாக்குகள், 42.31 வீதம். சஜித் 4,363,035. ரணில் விக்கிரமசிங்க 2,299,767. அரியநேத்திரன் 226,343. பாதிக்கு மேல் யாருக்கும் இல்லை.

1982 முதல் அதுவரை இப்படி நடந்ததில்லை. 1988 இல் ரணசிங்க பிரேமதாச 50.43 வீதத்தோடும், 2005 இல் மகிந்த ராஜபக்ச 50.29 வீதத்தோடும் கோட்டைத் தாண்டியிருந்தார்கள். ஒரு வீதத்துக்கும் குறைந்த இடைவெளி. அதனால் இரண்டாம் விருப்பு என்பது சட்டப் புத்தகத்தில் மட்டும் இருக்கும் விடயம் என்றே எல்லோரும் பழகிவிட்டோம். செப்டெம்பர் 22 அன்று தேர்தல்கள் ஆணைக்குழு இரண்டாவது எண்ணிக்கையை அறிவித்தபோது, மூடிய கட்டுகள் மறுபடி பிரிக்கப்பட்டன. அநுர, சஜித் இருவரின் கட்டுகளும் அப்படியே இருக்க, மற்ற எல்லாருடைய சீட்டுகளையும் எடுத்து, 2 யாருக்கு என்று பார்க்க வேண்டும். அந்த 2 களத்திலிருந்து நீங்கிய ஒருவருக்குப் போயிருந்தால் 3 ஐப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்த சீட்டுகள் 33 லட்சத்து 21 ஆயிரத்துக்கு மேல். அவற்றில் அநுரவுக்குப் போனவை 105,264. சஜித்துக்கு 167,867. இரண்டையும் கூட்டினால் இரண்டே முக்கால் லட்சம்கூட இல்லை. மிச்சமான 30 லட்சத்துச் சொச்சம் சீட்டுகள், கட்டங்கள் வெறுமையாக இருந்தோ, களத்தில் இல்லாதவர்களுக்கே இலக்கம் போயோ, எண்ணிக்கையிலிருந்து விலகிவிட்டன. கடைசியில் அநுரவுக்கும் சஜித்துக்கும் இடையே இருந்த வித்தியாசம் 12 லட்சத்துக்குச் சற்று மேல். அந்த 30 லட்சமும் யார் பக்கம் போயிருக்கும் என்று நான் ஊகிக்க விரும்பவில்லை. முடிவை உறுதிப்படுத்தவோ மாற்றவோ போதிய பலம் அந்தக் கட்டங்களில் இருந்தது, அது பயன்படவில்லை என்பதே என் கவலை. வடக்கு கிழக்கில் சங்குக்கு விழுந்த சீட்டு ஒவ்வொன்றும், அது எண்ணப்பட்ட அதே மண்டபத்தில் இன்னொரு முறை பேசியிருக்கலாம்.

இலங்கையில் துணை வேட்பாளர் இல்லாததால் அந்த இடம் வெறுமையாக இருந்துவிடுவதில்லை. அதை வேறு யாரோ நிரப்புகிறார்கள். 2014 நவம்பரில் பொது வேட்பாளராக வந்த மைத்திரிபால சிறிசேன, வென்றால் ரணிலைப் பிரதமராக்குவேன் என்றார். 2015 ஜனவரி 9 அன்று இருவரும் பதவியேற்றார்கள். அந்த ஜோடி மேடையில் இருந்தது, சீட்டில் இல்லை. சீட்டில் இல்லாத ஜோடியை 2018 ஒக்டோபரில் மைத்திரிபாலவே பிரிக்க முயன்றபோது, நாடு வாரக்கணக்கில் இரண்டு பிரதமர்களோடு தவித்தது.

2022 இல் நடந்தது இதைவிடக் கனமானது. மே 9 அன்று பிரதமர் பதவியைத் துறந்த மகிந்த ராஜபக்ச மறுநாள் வந்து தங்கியது திருகோணமலைக் கடற்படைத் தளத்தில். தளத்தின் வாயிலுக்கு வெளியே மக்கள் கூடினார்கள். ஜூலையில் ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ச நாட்டைவிட்டுப் போனார். ஜனாதிபதி பதவி இடைநடுவில் வெற்றிடமானால் மிச்சக் காலத்துக்கு ஒருவரை நாடாளுமன்றம் தெரிவுசெய்யும் என்பது எங்கள் அரசியலமைப்பு. 1993 இல் டி.பி. விஜேதுங்க வந்ததும் அப்படியே. ஜூலை 20 அன்று 134 உறுப்பினர்கள் ரணிலைத் தெரிவுசெய்தார்கள். 2020 பொதுத் தேர்தலில் அவருடைய கட்சிக்கு நாடு முழுவதிலும் கிடைத்தது ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனம், அதில் வந்தவர் அவர். எந்த மாவட்டத்து வாக்காளரும் தம் விருப்பு வாக்கால் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பவில்லை. துணை வேட்பாளரைச் சீட்டிலேயே அச்சிடும் நாட்டில் மக்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும் ஒரு விடயம், இங்கே 225 பேரின் கைக்குப் போனது. அமெரிக்க முறையை அப்படியே கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. வெல்பவர் யாரைப் பிரதமராக்குவார் என்று தேர்தலுக்கு முன்பே சொல்லவேண்டும், கட்சிகள் தம் இரண்டாம் விருப்பையும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். இதற்கு அரசியலமைப்பைத் திருத்தத் தேவையில்லை.

மாதிரிச் சீட்டு அச்சடிக்கும்போதே 1, 2, 3 என்று இலக்கம் போட்டுக் காட்டும் படம் ஒன்றையும் வீடுவீடாகக் கொடுக்கலாம். கிராம உத்தியோகத்தர் பிரிவுதோறும் பெண்கள் சங்கங்களுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் போதும். மாமிக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பழுதாகாது என்று உறவுக்காரன் சொன்னதை, அதிகாரம் உள்ள ஒருவர் வந்து சொல்லியிருக்க வேண்டும்.

அதே 2024 இல், நவம்பர் 14 பொதுத் தேர்தலுக்கு, திருகோணமலை மாவட்டத்தில் ஒரு காரியம் நடந்தது. இரண்டு மாதம் முன்பு சங்குக்கும் தொலைபேசிக்குமாகப் பிரிந்து நின்ற தமிழரசுக் கட்சியும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் இங்கே மட்டும் ஒரே பட்டியலில், வீட்டுச் சின்னத்தில் போட்டியிட்டன. பிரிந்தால் நான்கு ஆசனங்களில் ஒன்றும் தமிழருக்குக் கிடைக்காது என்ற பயம் அவர்களைச் சேர்த்தது. அந்தப் பட்டியலிலிருந்து சண்முகம் குகதாசன் வென்றார். யாருக்கு யார் துணை என்று தீர்மானிக்க அவர்களுக்கு முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். செப்டெம்பரில் அதே தலைவர்கள், அதே ஊர், அதே மக்கள். 1 சங்கு, 2 தொலைபேசி என்று எழுதவும், வேண்டுமானால் மாற்றி எழுதவும், ஒன்றரை முழச் சீட்டில் இடம் இருந்தது. அந்த ஒரு வரியைச் சேர்ந்து சொல்லியிருந்தால், சங்குக்குப் போட்டவனும் தொலைபேசிக்குப் போட்டவனும் ஒருவரையொருவர் துரோகி என்று திட்டிக்கொள்ள அந்தத் தேர்தலில் காரணமே இருந்திராது. அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029 இல். அந்த வரியைச் சொல்ல இப்போதே பேசத் தொடங்கலாம்.