கடைசி இடமும் கரைபுரண்ட ஆறும்

கால்பந்தாட்ட இரசிகரின் உறக்கத்தைக் கெடுப்பது வெற்றிக் கனவே என்று பலரும் எண்ணுவர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. கீழே தள்ளப்பட்டுவிடுவோமோ என்னும் அச்சமே அதனினும் வலியது. கோப்பையைத் தவறவிட்ட அணியின் அன்பர் மறு ஆண்டும் அதே அரங்கில் வந்து அமர்வார். கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்ட அணியின் அன்பருக்கோ, இனி வந்து அமர ஓர் ஆட்டம் இருக்குமா என்பதே ஐயமாகிவிடுகிறது.

இவ்வச்சம் பழமையானது. 1888-இல் இங்கிலாந்தில் லீக் ஆட்டங்கள் தொடங்கின. சில ஆண்டுகளில் இரண்டாம் பிரிவு உருவானது. மேற்பிரிவின் கடைசி அணிகளும் கீழ்ப்பிரிவின் முதல் அணிகளும் 'சோதனை ஆட்டங்களில்' மோதித் தத்தம் இடத்தை முடிவுசெய்யும் வழக்கம் ஏற்பட்டது. 1898 ஏப்ரல் 30 அன்று ஸ்டோக் அணியும் பர்ன்லி அணியும் அத்தகைய ஆட்டத்தில் எதிரெதிரே நின்றன. சமநிலையில் முடிந்தால் இருவருக்குமே மேற்பிரிவில் இடம் உண்டு என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தது. எனவே வலையை நோக்கிப் பந்தை உதைக்க எவருக்கும் மனம் வரவில்லை. சினமுற்ற பார்வையாளர்கள், தம்மிடம் வந்து விழுந்த பந்தைத் திருப்பித் தர மறுத்துத் தமக்குள்ளேயே தட்டி விளையாடினராம். ஆட்டம் கோலின்றி முடிந்தது. சோதனை ஆட்ட முறையும் அத்துடன் கைவிடப்பட்டது. அச்சத்தைக் காணக் காசு கொடுத்து வந்தவர்களுக்கு அச்சமற்ற ஆட்டத்தைக் காட்டினால் பொறுப்பார்களா?

நம் சென்னைக்கும் இவ்வேதனை புதிதன்று. 1996-இல் தேசியக் கால்பந்து லீக் தொடங்கியபோது நம் நகரின் பெயரைச் சுமந்து சென்றது இந்தியன் வங்கி அணி. 2003-04 பருவத்தில் அது இறக்கம் கண்டது. அதன்பின் பத்தாண்டுக் காலம் நாட்டின் உயர்நிலை லீக்கில் சென்னை அணி எதுவுமே இல்லை. இறக்கம் என்பதன் பொருளை அந்த வெற்றிடம் நமக்கு உணர்த்தியது.

2014-இல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது 'சென்னையின் எஃப்.சி.' பிறந்தது. (சென்னையின் எது என்று இலக்கணம் அறிந்தோர் கேட்பர்; வேற்றுமை உருபோடு நின்றுவிட்ட பெயர் அது!) இறக்கம் என்னும் விதி இந்த லீக்கில் வைக்கப்படவில்லை. கடைசியாக வந்தாலும் அடுத்த ஆண்டு இடம் உறுதியாக இருந்தது. ஆயின் விதி இல்லாத காரணத்தால் அச்சமும் இல்லாமற் போய்விடவில்லை என்பதை 2015 காட்டியது.

அவ்வாண்டு முதல் பத்து ஆட்டங்களில் நம் அணி பெற்றவை பத்தே புள்ளிகள். பட்டியலில் அடியில் கிடந்தது. எஞ்சியவை நான்கு ஆட்டங்கள். அந்நாட்களில் தாம்பரத்திலிருந்து ஆட்டம் காணச் செல்பவர், 1931 முதல் கடற்கரை வரை ஓடும் மின்தொடர்வண்டியில் ஏறி, பூங்கா நிலையத்தில் இறங்கி, பெரியமேடு நேரு விளையாட்டரங்கம் நோக்கி நடப்பார். வழியெல்லாம் கணக்குத்தான். இவர் வென்று அவர் தோற்றால், அவர் தோற்று மற்றவர் சமன் செய்தால் என்று மாணவப் பருவத்தில் போடாத கணக்கையெல்லாம் இரசிகர் போடுவார். மார்க்கோ மத்தராஸி பயிற்றுவித்த அந்த அணியோ நான்கையும் வென்றது. 22 புள்ளிகளுடன் மூன்றாம் இடத்தைப் பெற்று அரையிறுதிக்குள் நுழைந்தது.

அதற்குள் வானம் வேறு கணக்கைத் தொடங்கியிருந்தது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை கொட்டியது. நவம்பர் மழையிலேயே நிரம்பி வழிந்த ஏரிகளால் அதைத் தாங்க இயலவில்லை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருக்களில் படகுகள் ஓடின. அடையாறு புகுந்து விமான நிலையம் நாட்கணக்கில் மூடப்பட்டது. மறைமலைநகர் அச்சகத்துக்குப் பணியாளர்கள் வந்து சேர இயலாமையால், 1878-இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழ் டிசம்பர் 2 அன்று சென்னையில் வெளிவரவே இல்லை. பள்ளிகளும் ஆலயங்களும் திருமண மண்டபங்களும் வீடிழந்தோரின் இருப்பிடங்களாயின.

சென்னையில் நடக்கவேண்டிய அரையிறுதியின் முதல் ஆட்டம் புனேவுக்கு மாற்றப்பட்டது. வீடிழந்த நகரின் அணியும் வீடிழந்தது எனலாம். வீட்டில் சேறு அள்ளிக்கொண்டிருப்பவனுக்குப் பந்தாட்டம் ஒரு கேடா என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. எனினும் அந்நாட்களில் நம் புறநகர் மக்களிடம் வேறொன்றையும் கண்டோம். ஏரிக்கரை உடையுமா, மதகு திறக்குமா, இன்றிரவும் மழை வருமா என்று எல்லையற்ற அச்சத்தில் கிடந்தவர்களுக்கு, தொண்ணூறு நிமிடங்களில் முடிந்துவிடும் அச்சம் ஒன்று தேவைப்பட்டது. அதில் எவரும் அடித்துச் செல்லப்படுவதில்லை. மின்சாரம் திரும்பிய வீட்டின் தொலைக்காட்சி முன், அது திரும்பாத வீட்டார் வந்து கூடினர். ஆட்டத்தைவிட அந்தக் கூட்டமே பெரிது என்று கருதியவர்களும் அங்கிருந்தனர்.

டிசம்பர் 12 அன்று புனேவில் நம் அணி கொல்கத்தாவை 3-0 என்று வென்றது. பெலிஸாரி, ஜெஜெ, மென்டோசா ஆளுக்கொரு கோல் அடித்தனர். மூன்று கோல் முன்னிலை இருந்தும் நிம்மதி வந்ததா? இல்லை. கையில் ஒன்றும் இல்லாதபோது இருப்பதைவிட, இருப்பதை இழக்க நேருமோ என்னும்போது நடுக்கம் மிகுதி. நான்கு நாள் கழித்துக் கொல்கத்தாவில் எதிரணி இரண்டு கோல் அடித்தது. இறுதி நேரத்தில் ஃபிக்ரு ஒன்றைத் திருப்பியடித்த பின்னரே நமக்கு மூச்சு வந்தது. ஐ.எஸ்.எல். வரலாற்றின் முதல் கோலை 2014-இல் அதே கொல்கத்தாவுக்காக அடித்தவர் அவர்தாம்!

இறுதிப்போட்டி டிசம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை, கோவாவின் ஃபடோர்டா அரங்கில் நடந்தது. 54-ஆம் நிமிடத்தில் பெலிஸாரியின் கோலால் நாம் முந்தினோம். நான்கே நிமிடத்தில் ஹாவ்கிப் சமன் செய்தார். 87-ஆம் நிமிடத்தில் ஜோஃப்ரே அடித்த கோலால் கோவா 2-1 என்று முந்தியது. அரங்கமெங்கும் ஆரவாரம், தாம்பரத்தில் எழுந்து போனவர்கள் பலர். அவர்களைக் குறைசொல்ல மாட்டோம். அம்மாதத்தில் இழப்பைக் காண அவர்களுக்கு மேலும் தெம்பில்லை.

எழுந்தவர்கள் காணாதது இது: 90-ஆம் நிமிடத்தில் கோவாவின் காப்பாளர் கட்டிமணி தடுக்க முயன்ற பந்து, அவர் கை பட்டுத் தம் வலைக்குள்ளேயே விழுந்தது. நம் தெருப்பிள்ளைகள் 'சேம் சைடு கோல்' என்பது அதைத்தான். கூடுதல் நேரத்தின் இரண்டாம் நிமிடத்தில் மென்டோசா அடித்தார். அந்தப் பருவத்தில் அவருக்கு அது 13-ஆவது கோல். 3-2. அடியில் கிடந்த அணி கோப்பையை ஏந்தியது.

நம் மகிழ்ச்சிக்குக் காரணமாகித் தலைகுனிந்து நின்ற கட்டிமணியை அன்று நம்மில் எத்தனை பேர் நினைத்தோம்? 2022 மார்ச் 20 அன்று, அதே ஃபடோர்டா அரங்கில், ஐதராபாத் அணியின் காப்பாளராக அவர் மற்றோர் இறுதிப்போட்டியில் நின்றார். ஆட்டம் பெனால்டி உதைகளுக்குச் சென்றது. கேரள அணியின் மூன்று உதைகளை அவர் தடுத்தார்; கோப்பை ஐதராபாத்துக்குச் சென்றது.