நெற்றியில் எழுதிய ஓரெழுத்து: போர்க்களத்தில் மார்பியா

போர்க்கள மருத்துவ வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் புதுமருந்துகள் கண்டறியப்பட்ட செய்தியையே விரித்துரைப்பர். அம்மருந்தை, மருத்துவப் பட்டம் பெறாத படை மருத்துவ உதவியாளர் குண்டுமாரிக்கிடையே எங்ஙனம் தவறின்றிக் கையாண்டார் என்னும் வினா ஓரத்தே ஒதுங்கிவிடுகின்றது. அவ்வினாவையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையும் பிரித்தானியப் படையும் மார்பியாவை வழங்கிய முறை இதற்கு நல்ல சான்றாகும்.

அபினிலிருந்து மார்பியாவைப் பிரித்தெடுத்தவர் செர்ட்டுர்னர் என்னும் செருமானிய மருந்தாளர். அவர்தம் முதற்கட்டுரை 1805இல் வெளிவந்தது. தோலின்கீழ் மருந்து செலுத்தும் ஊசிக்குழல் 1853இல் தோன்றியது. 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரிலோ, மார்பியாத் தூளைப் புண்ணின்மேல் தூவுவதும் வழக்காக இருந்தது. அளவறிந்து கொடுத்தல் என்பது அந்நாளில் அரிது.

இரண்டாம் உலகப் போரில் அளவு முன்னரே வரையறுக்கப்பட்டது. பற்பசைக் குழாயைச் சுண்டுவிரல் அளவினும் சிறிதாக்கினாற்போன்ற ஓர் உலோகக் குழாய். அதன் நுனியில் ஊசி. உள்ளே அரைக் கிரெயின், அஃதாவது ஏறத்தாழ 32 மில்லிகிராம் மார்பியா. இதனைச் 'சிரெட்' என வழங்கினர். மூடியை நீக்கி, முத்திரையைத் துளைத்து, ஊசியைத் தோலின்கீழ்ச் செலுத்திக் குழாயைப் பிதுக்கினால் போதும். கையாள்வதற்கு இதனினும் எளிய கருவி இல்லை. எனினும் வளர்ந்த ஒருவருக்குத் தோலின்கீழ் ஒரு முறை செலுத்தும் வழக்கமான அளவு ஏறத்தாழ 10 மில்லிகிராமே என்பதை நோக்கின், அவ்வெளிமையுள் மறைந்திருந்த இடர் புலனாகும்.

அவ்விடர் வெளிப்பட்டது வட ஆப்பிரிக்க, இத்தாலியப் போர்முனைகளில். குருதி மிக இழந்து குளிரில் கிடப்பவன் உடலில் தோலை நோக்கிச் செல்லும் குருதியோட்டம் சுருங்கிவிடும். செலுத்திய மருந்து செலுத்திய இடத்திலேயே தங்கும். வலி தணியாமை கண்ட உதவியாளர் இரக்கத்தால் மற்றொரு குழாயைப் பிதுக்குவார். பின்னணி நிலையத்தில், முன்னிகழ்ந்தது அறியாத வேறொருவர் மூன்றாவதும் கொடுத்தல் கூடும். அதன்பின் மருத்துவமனையில் கம்பளி போர்த்தி, குருதி ஏற்றி, உடலைத் தேற்றுவர். குருதியோட்டம் மீண்டவுடன் தேங்கிய மருந்து முழுவதும் ஒருங்கே உடலிற் பரவும், மூச்சு மெலியும், சிலபோது நின்றேவிடும். தேற்றிய கைகளிலேயே நோயாளி மடிவதைக் காட்டிலும் கொடியது யாதுளது?

இந்நிலையை ஆராய்ந்து 1944இல் கட்டுரை வெளியிட்டவர் ஹார்வர்டு பல்கலைக்கழக மயக்க மருந்தியல் அறிஞர் ஹென்றி பீச்சர். அரைக் கிரெயின் மிகையென்றும், குருதியோட்டம் குன்றியோர்க்குச் சிறிய அளவினை நேரே சிரையில் செலுத்துதலே தக்கதென்றும் அவர் வற்புறுத்தினார். 1946இல் வெளிவந்த அவர்தம் மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பூட்டுவது. பெருங்காயமுற்றும் தெளிவோடிருந்த 215 வீரரை வினவியபோது, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வலிதணிக்கும் மருந்து வேண்டா என்றனர். முன்னரே மார்பியா பெற்றோரும் அவருள் இருந்தமையின் இவ்வெண்ணை அளவிறந்து நம்புதல் ஆகாது. ஆயினும் காயம் கண்டவுடன் மருந்து என்னும் பழக்கத்தை அது அசைத்தது. நீர்வேட்கையும் அச்சமும் மூச்சுக்காற்றின் குறைவும் ஒருவனைப் புரளச் செய்யும். புரள்வதெல்லாம் வலியன்று என்பது அவர் கண்ட உண்மை.

மருத்துவர் நூலில் எழுதியதை உதவியாளர் களத்தில் எங்ஙனம் நிறைவேற்றினர்? காலியான குழாயைக் காயமுற்றோன் கழுத்துப்பட்டையில் குத்திவைத்தனர். அடையாள அட்டையில் குறித்தனர். நெற்றியில் 'எம்' என்னும் ஆங்கில எழுத்தை மையால் எழுதினர். கல்லிலும் செப்பேட்டிலும் ஓலையிலும் எழுத்தைத் தேடிப் பழகிய நமக்கு, இவ்வோரெழுத்தும் பேணத்தக்க ஆவணமாகவே தோன்றுகின்றது. பேச இயலாதவன் தன் வரலாற்றைத் தன் நெற்றியிலேயே சுமந்து சென்றான். பீச்சரின் ஆய்வு பெற்ற புகழில் ஒரு சிறு பங்கேனும் அம்மைக்கோல் பெறவில்லை என்பது எம் குறை.

மார்பியாவின் நஞ்சை முறிக்கும் நலாக்சோன் அமெரிக்காவில் 1971இல்தான் ஒப்புதல் பெற்றது. பழைய இடரோ முற்றும் நீங்கவில்லை. 2003ஆம் ஆண்டு ஈராக்குப் போரில் அமெரிக்கச் சிறப்புப் படையினர், குச்சியிற் செருகிய ஃபென்டனில் மருந்தைக் காயமுற்றோன் கன்னத்தினுள் வைத்தனர். குச்சியை அவன் விரலோடு ஒட்டிவிடுவர். அவன் மிகையாக மயங்கினால் கை தாழும். மருந்தும் வாயினின்று விலகும். தொடக்கத்தில் 1600 மைக்ரோகிராம் கொடுத்தனர். பின்வந்த நெறிமுறை அதனைப் பாதியாகக் குறைத்து 800 ஆக்கியது. எளிய ஆஸ்பிரினும் களத்தில் விலக்கப்பட்டது. குருதி உறைதலை அது பல நாள் தடுக்குமாதலின், அதற்கு ஈடாகப் பாராசிட்டமாலும் மெலாக்சிகாமும் வீரனது பையிற் சேர்ந்தன. காயமுற்றோனுடன் செல்லும் அட்டையிலோ, மருந்தின் பெயர், அளவு, செலுத்திய வழி, நேரம் என்னும் நான்கிற்கும் தனித்தனி இடம் விடப்பட்டது.