எண்ணாயிரத்தில் ஒன்று



நடுவில் ஒரு கரு, சுற்றிவர இலத்திரன்கள். அணுவின் இந்தப் படம் நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் கருவை எவரும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை, எண்ணித்தான் கண்டுபிடித்தார்கள்.

1897 இல் ஜே. ஜே. தொம்சன் இலத்திரனைக் கண்டறிந்தார். அதன்பின், நேர் ஏற்றம் பரவிய உருண்டைக்குள் இலத்திரன்கள் பதிந்திருப்பதே அணு என்ற கருத்து செல்வாக்குப் பெற்றது. அப்படியானால், வேகமாக வரும் அல்பாத் துணிக்கைகள் மெல்லிய உலோகத் தகட்டினூடாகச் சற்றே விலகிப் போய்விட வேண்டும்.

1909 இல் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஏர்ணெஸ்ட் றதர்போர்ட், ஹான்ஸ் கைகரின் கீழ் வேலை பழகிய இருபது வயது மாணவர் ஏர்ணெஸ்ட் மார்ஸ்டனிடம், துணிக்கை ஏதாவது திரும்பி வருகிறதா என்று பார்க்கச் சொன்னார்.

வேலை இலேசானதல்ல. துணிக்கை நாகசல்பைட்டுத் திரையில் படும்போது சிறு ஒளிப்பொட்டு மின்னி மறையும். இருட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு, நுணுக்குக்காட்டி வழியாக ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். பிளாற்றினத் தகட்டில் பட்டவற்றில் சுமார் 8,000 இற்கு ஒன்று திரும்பி வந்தது.

நான் தொழிலால் கணக்காளன். பரீட்சை மீதி சிறு தொகையால் பொருந்தாவிட்டால், அதைத் தொங்கல் கணக்கில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகத்தான் மனம் சொல்லும். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. பொன் தாள்களை அடுக்கிப் பார்த்தார்கள். தடிப்புக் கூட, ஓர் எல்லைவரை, திரும்பி வருபவையும் கூடின. ஆகவே அவை மேற்பரப்பில் பட்டுத் தெறித்தவை அல்ல. உலோகத்தின் உள்ளிருந்தே திரும்பியவை.

அந்த ஒன்றுக்கு விடை காண இரண்டு ஆண்டுகள் சென்றன. பல சிறு விலகல்கள் சேர்ந்து இப்படித் திருப்ப முடியாது, ஒரே மோதலில்தான் நடந்திருக்க வேண்டும் என்று 1911 இல் றதர்போர்ட் காட்டினார். அதற்கு அணுவின் திணிவில் மிகப் பெரும்பங்கும் செறிந்த ஏற்றமும் நடுவில் ஒரு சிறு புள்ளிக்குள் இருக்க வேண்டும். அணுவின் அகலம் அந்தக் கருவைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரியது. மிகுதியெல்லாம் அனேகமாக வெற்றிடம்.

எந்தக் கோணத்தில் எத்தனை துணிக்கைகள் சிதறும் என்பதற்கும் அவர் சூத்திரம் தந்தார். கைகரும் மார்ஸ்டனும் மறுபடி இருட்டறைக்குள் போய் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஒளிப்பொட்டுகளை எண்ணினார்கள். 1913 இல் முடிவு வெளியானது. கணக்குப் பொருந்தியது.

1968 இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்டில் புரோத்தன்மீது இலத்திரன்களை மோதவிட்டபோதும், எதிர்பாராத அளவுக்குப் பல பெருங்கோணத்தில் சிதறின. புரோத்தனுக்குள்ளும் குவார்க்குகள் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. அங்கேயும் வழி காட்டியது, பொருந்தாமல் நின்ற எண்ணிக்கைதான்.